ஏழு வருஷத்து ஷூ

"வாங்க, கோபன்ஹேகன் மகாராணி! காலுல என்ன அது, கேரட் கட்டா?"

பிரெபென் கேட்டதும் ஏரிக்கரையில் கூடியிருந்த ஓட்டக் குழு மொத்தமும் சிரித்தது. மைக்கன் தன் புது ஷூவைக் குனிந்து பார்த்தாள். பளீரென்ற ஆரஞ்சு.

வீபோர்க் மாதிரி ஊரில் பளபளவென்று எதையாவது போட்டுக்கொண்டு வெளியே வருவது கிட்டத்தட்ட குற்றம். நான் உன்னைவிட ஒசத்தி என்று யாரும் காட்டிக்கொள்ளக் கூடாது. டென்மார்க்கில் அது எழுதாத சட்டம். அதை ஊராருக்கு ஞாபகப்படுத்துவதையே பிறவிப் பயனாக வைத்திருந்தார் குழுத் தலைவர் பிரெபென்.

"என்னுதைப் பாரும்மா" என்று காலைத் தூக்கிக் காட்டினார். சேறு அப்பிய சாம்பல் நிற ஷூ. "ஏழு வருஷம். ஒரே ஜோடி. விளம்பரத்தைப் பார்த்து ஏமாறுற ஜென்மங்கதான் அடிக்கடி மாத்தும்."

"எனக்கும் அப்படித்தான். வாங்கி எத்தனை வருஷமாச்சுன்னே மறந்துபோச்சு" என்று ஒத்து ஊதினாள் பிர்கித்தே. அவள் ஷூவிலும் அதே சேறு.

"இல்ல, எனக்குக் குதிகால் வலி" என்றாள் மைக்கன். "பழசுல அடிப்பாகம் செத்துப்போச்சு, மாத்தலேன்னா இனிமே ஓடவே முடியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதுகூட விலை கம்மிதான்..."

"கம்மியாம்! கலரைப் பார்த்தாலே தெரியுதே, எவ்வளவு காசு அழுதிருப்பேன்னு!"

மறுபடி சிரிப்பு. ஓடி முடித்து எல்லோரும் காபிக்கு உட்கார்ந்தபோது பெஞ்சில் மைக்கனுக்கு யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. பட்டை மணக்கும் ரொட்டிச் சுருள் தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்த பிர்கித்தே, அவள் முன்னால் மட்டும் நிற்கவில்லை.

"மகாராணிங்க இதையெல்லாம் சாப்பிடுவாங்களா என்ன?"

விவாகரத்து ஆனபின் கோபன்ஹேகனிலிருந்து தனியாக இந்த ஊருக்கு வந்தவள் மைக்கன். வியாழக்கிழமை மாலை ஓட்டத்தில்தான் நாலு பேரோடு பேசிச் சிரிப்பாள். அதையும் ஒரு ஜோடி ஷூ பறித்துக்கொண்டு போகும் என்று அவள் நினைக்கவில்லை.

மறுநாள் ஷூவைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, கடைக்கு எடுத்துப் போனாள்.

"இதைத் திருப்பி எடுத்துக்க முடியுமா?"

கடைக்காரர் எஸ்கில் நிமிர்ந்து பார்த்தார். "ஏன், கடிக்குதா?"

"இல்ல. ரொம்ப சுகமா இருக்கு. நேத்து வலியே தெரியல."

"பின்னே என்ன?"

"கலர்."

"அட, தெரிஞ்சுதானே எடுத்தீங்க? போன வருஷ மாடல், யாரும் சீந்தாத கலர். அதனாலதான் பாதி விலை. அடி ரப்பர் கெட்டியா இருக்கு, தினம் ஓடுறதுக்கு இதைவிட உழைக்கிற ஜோடி என் கடையில கிடையாது. இதே ஷூ சாம்பல் கலர்ல வேணும்னா முழு விலை. அதைக் கொடுக்கட்டுமா?"

"அவ்வளவு என்னால முடியாது. பழசையே போட்டுக்கிறேன்."

"கால் போயிடும்ங்க!"

"போகட்டும். குழுவை விட்டா எனக்கு இந்த ஊர்ல யாரு இருக்கா?" சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

எஸ்கில் பெட்டியை மூடிவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் குழு?"

"பிரெபென் குழு. ஏரியைச் சுத்தி ஓடுவோமே, அது."

எஸ்கில் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை மனிதரால்.

"பிரெபென் சிரிச்சாரா? உங்க ஷூவைப் பார்த்து?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் உள்ள வாங்க. பின்னாடி ரூம்ல ஒண்ணு காட்டுறேன்."

அடுத்த வியாழன் மைக்கன் வந்தாள். அதே ஆரஞ்சு ஷூ. ஒரு பொட்டு அழுக்கு இல்லை.

பிரெபென் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "இன்னும் இதைக் கழட்டலியா? சிக்கனம்னா என்னன்னு எங்களைப் பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?"

"கத்துக்கிட்டேன், பிரெபென். கடைக்கார எஸ்கில் உங்களுக்கு ஒரு சேதி சொல்லி அனுப்பினார்."

பிரெபெனின் சிரிப்பு பாதியில் நின்றது. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். ஓட்டத்துக்கு நேரமாச்சு..."

"சின்னச் சேதிதான். போன வாரம் வாங்கின புது ஜோடியைப் பழசாக்கித் தரச் சொல்லிக் கொடுத்துட்டு வந்தீங்களாமே? மழையா இருக்கறதால பூசின சேறு இன்னும் காயலையாம். சனிக்கிழமை வந்து வாங்கிக்கச் சொன்னார்."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் யார் முகத்தையும் பார்க்கவும் இல்லை. ஆளாளுக்கு அவசரமாகக் குனிந்து, அவிழாத நாடாவை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மைக்கன் ஓடத் தொடங்கினாள். பத்தடி போனதும் ஏதோ ஞாபகம் வந்தவளாகத் திரும்பிப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"பிர்கித்தே, உங்களோடது ரெடியாம்!"