ஒத்துவருமா?

நாய்க் காப்பகத்தின் வாசலில் காரை நிறுத்திவிட்டு வந்த வெள்ளைச் சட்டைக்காரர், நேராக வழுக்கையின் கூண்டு முன்னால் போய் நின்றார்.

"இதைக் குடுங்க."

பதிவு மேசையிலிருந்த ரிஜிஸ்டர் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருஷமாக வழுக்கையை ஒருத்தரும் கேட்டதில்லை. சொறி வந்து முதுகு முழுக்க முடி கொட்டிப்போனவன். வருகிறவர்கள் "ஐயோ பாவம்!" என்பார்கள். பக்கத்துக் கூண்டுக் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

"சார், நிஜமாவா? இவனையா?"

"அழகு எதுக்கும்மா? சொன்னா கேக்கணும், அவ்வளவுதான். வீட்ல ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. அதுக்குத் துணையா இருக்கட்டும்."

என்ன மனசு! அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் நாய் இருந்தால் அதையும் கூட்டிவர வேண்டும், இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் கொடுப்பார்கள். அவரும் கூட்டி வந்திருந்தார். பஞ்சு என்று பெயர். பெயருக்கேற்ற மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

பரிசோதனை செய்வது கறார் மேடம். முதுகுக்குப் பின்னால்தான் அந்தப் பெயர், நேரில் வெறும் மேடம்.

பின்கட்டு முற்றத்தில் பரிசோதனை ஆரம்பித்தது. வழுக்கையின் கயிறு அக்கா கையில், பஞ்சுவின் கயிறு அவர் கையில். முதலில் இருபதடி தள்ளி நடக்கவிட்டார்கள். அப்புறம் பத்தடி. அப்புறம் மோப்பம்.

வழுக்கை வாலை ஆட்டினான். மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டினான். தண்ணீர்க் கிண்ணத்தை வைத்ததும் ஒதுங்கி நின்று பஞ்சுவை முதலில் குடிக்கவிட்டான்.

'என் மானத்தைக் காப்பாத்திட்டடா ராசா!' அக்கா மனசுக்குள் கொஞ்சினாள்.

பஞ்சு அதற்கும் மேல். அவர் ஒரு விரலைத் தூக்கினால் போதும், டக்கென்று உட்கார்ந்தது. கையை உயர்த்தினால் தரையோடு தரையாகப் படுத்தது.

"என்ன பயிற்சி சார்! எங்க வீட்ல பிள்ளைங்ககூட இப்படிக் கேக்காது" என்று வாய்விட்டே பாராட்டினாள் அக்கா.

அவர் பெருமையாகச் சிரித்தார்.

மேடமோ நாய்களைச் சரியாகப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. அந்த மனிதரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் படிவத்தை எடுத்து, 'ஒத்துவருமா?' என்ற கேள்விக்கு நேரே, 'வராது' என்ற கட்டத்தில் பட்டென்று ஒரு டிக் அடித்தார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம்! ரெண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்குதே!"

மேடம் அவளைக் கண்டுகொள்ளவே இல்லை. அவரிடம் திரும்பினார்.

"சார், உங்க பஞ்சுவுக்கு மத்த நாயோட பழகவே தெரியல. ரொம்ப மந்தம்."

"என் நாயா மந்தம்?" அவர் முகம் சிவந்துவிட்டது.

"விளையாடத் தெரியல, ஓடத் தெரியல. இதை வச்சுக்கிட்டு இன்னொண்ணு எதுக்கு சார் உங்களுக்கு?"

"அவ்வளவு மட்டமாப் போச்சா? அப்போ நீங்களே வச்சுக்குங்க!"

அவர் கயிற்றை வீசி எறிந்த வேகத்துக்கு, மேடம் இன்னொரு காகிதத்தை நீட்டிய வேகம் கொஞ்சமும் குறையவில்லை.

"ஒப்படைப்புப் படிவம் சார். இங்க ஒரு கையெழுத்து."

வீராப்புக்காரர் பின்வாங்குவாரா? விறுவிறுவென்று கிறுக்கிவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டார்.

ஒரு நாயை எடுக்க வந்த மனுஷன், இருந்த நாயையும் விட்டுவிட்டுப் போகிறார். இப்படி ஒரு கூத்து இந்தக் காப்பகத்தில் நடந்ததே இல்லை. அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ரெண்டு வருஷம் மேடம்! ரெண்டு வருஷம் கழிச்சு வழுக்கைக்கு ஒரு வீடு கிடைச்சுது. அதையும் கெடுத்து, இருக்கிற கூட்டத்துல இன்னொண்ணையும் சேர்த்துட்டீங்க. உங்களுக்கு மனசே கிடையாதா?"

கேட்ட வேகத்தில் கையை ஓங்கியபடி நின்றாள்.

காலடியில் ஏதோ ஈரமாகப் பட்டது.

பஞ்சு. தரையோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடிக்காகக் காத்திருந்தது. பயத்தில் ஒன்றுக்குப் போயிருந்தது.

அக்காவின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. மெதுவாக இறக்கினாள்.

"நான்... பயிற்சின்னு நெனச்சேன் மேடம்."

"அவர் முதல் தடவை கையைத் தூக்கினப்போ நானும் அப்படித்தாம்மா நெனச்சேன். மூணாவது தடவைதான் புரிஞ்சுது."

வழுக்கை மெல்ல வந்து பஞ்சுவின் காதை நக்கினான். அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு மேசைக்குப் போனாள். என்ன இருந்தாலும் வேலை வேலைதானே. ரிஜிஸ்டரைத் திறந்து எழுத ஆரம்பித்தாள்: 'வழுக்கை - ஒத்துவராது.'

"அவன் பேரை ஏம்மா எழுதுற?" மேடம் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "மேலேர்ந்து படி."

படிவத்தில் 'பெயர்' என்ற இடத்தில், மேடத்தின் குண்டு குண்டான எழுத்தில், வெள்ளைச் சட்டைக்காரரின் பெயர் இருந்தது.