கோயிலுக்கு இருபது நிமிஷம்

இந்தக் காலத்து ஜனங்கள் கடவுளுக்கும் ஷிப்டு போட்டுவிடுகிறார்கள் என்று செல்வநாதனுக்கு எரிச்சல். அடுத்த வாரம் பாண்டிச்சேரிக் கடற்கரையில் மூன்று நாள் விடுமுறை. அதில் ஒரு நாள் ஐந்து பழைய மாதா கோயில்கள். மருமகள் பெனிட்டா ஒரகடம் கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், சன்னல் வெயில் விழும் தரையில் உட்கார்ந்து காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம் குறிக்கிறாள். “கோயிலுக்கு இருபது நிமிசம், மாமா.” “கோயிலு சுத்துற அன்னிக்குத்தான் உன் மாமியா செத்த நாளு. பூசை வெக்கணும். இருபது நிமிசத்துல முடிக்க சாமியாரு இன்னா உன் கம்பெனி மாதிரி லைனா ஓட்டுறாரு?” பேனா நிற்கிறது. மூன்று கோயில்களை அடித்துவிட்டு, ‘அத்தைக்குப் பூசை, காலை ஆறு’ என்று எழுதி நீட்டுகிறாள். அவர் எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். “கடல்ல ஆடிட்டு வந்து எவன் ஆறு மணிக்கு எழுந்துக்கப் போறான்” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் நடக்கிறார்.