நீலம் அடித்த ஊர்

"ராகியெல்லாம் கருகிக் கெடக்குது. நீ மேப்புல எங்க ஊருக்கு மட்டும் நீலம் அடிச்சு, மழை பேஞ்சுதுன்னு காட்டியிருக்கியே! இனி வறட்சி நிவாரணம் எவன் தருவான்?"

கம்ப்யூட்டரில் மழை வரைபடம் போடும் மாதவனை, கெலமங்கலத்திலிருந்து ஓசூருக்கே பஸ் ஏறி வந்து வறுத்தெடுத்தாள் மாதேஸ்வரி. அவள் வாய் ஊரறிந்தது.

"உங்க மாடியில வெச்ச மழைமானி சொல்றதைத்தான்க்கா கம்ப்யூட்டர் வரையுது."

"அதுவும் உன்ன மாதிரி புளுகுதா? வந்து பாருடா!"

ஊரையே சாட்சிக்குத் திரட்டி, அவனை மாடிக்கு இழுத்துப்போனாள். வானத்தில் பொட்டு மேகமில்லை. மழைமானிக்கு நேர் மேலே, கொடியில், அவளுடைய பிழியாத புடவைகள் சொட்டிக்கொண்டிருந்தன.

மாதவனை அடிக்க வந்த ஊர், அவள் பக்கம் திரும்பியது.

மாதேஸ்வரி அசரவில்லை. "தெனமும் துணி காயப்போடற எடத்துல இதைக் கொண்டாந்து வெச்சது யாருடா?"