நடுங்காத கை

"சொட்டு மருந்தை நடுவுல நிறுத்திட்டீங்களாம்மா?" என்று கேட்டார் கண் டாக்டர்.

மனைவி வாய் திறப்பதற்குள் சலூன்காரர் முந்திக்கொண்டார். "நிறுத்துறதா? தினமும் நான்தான் என் கையால போட்டுவிடறேன் டாக்டர். ஒரு நாள் தவறினதில்ல."

"அப்படின்னா கண் அழுத்தம் இவ்வளவு ஏறியிருக்காதே. நரம்பு கெட்டுக்கிட்டே வருது. போன பார்வை இனிமே திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாத்தணும்."

சலூன்காரர் மனைவி பக்கம் திரும்பினார். காலையில்கூட அவள் கதவில் இடித்துக்கொண்டாள். தினமும் மருந்து போட்டதும் முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொள்வாள். பார்வையை நினைத்து அழுகிறாள் என்று இவர் தேற்றுவார். அவள் கண் இருட்டினால் தன் வாழ்க்கையும் இருட்டுதான் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அவருக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும்.

"மருந்துலதான் கோளாறு. கடைக்காரன் பழசை என் தலையில கட்டிட்டான்!"

"மெதுவாப் பேசுங்க, வெளியில எல்லாரும் இருக்காங்க," என்றாள் மனைவி.

"இருக்கட்டுமே! காலமெல்லாம் கத்தி பிடிச்ச கை இது டாக்டர்." கையை நீட்டிக் காட்டினார். இம்மியும் நடுக்கமில்லை. கத்தியைக் கீழே வைக்கும் நாள்தான் தனக்குக் கடைசி நாள் என்று அவர் சொல்லாத வாடிக்கையாளர் இல்லை. போன வாரம் ஒருவருக்குக் காதோரம் கீறிவிட்டதென்றால், அது அந்த ஆள் தலையை அசைத்ததால்தான். அதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லி வாயை அடைத்தாயிற்று.

டாக்டர் மேஜை மேலிருந்த சொட்டு மருந்தை நீட்டினார். "எங்கே, எனக்கு முன்னாடி ஒரு சொட்டு போடுங்க."

"இங்க எதுக்கு டாக்டர்? வீட்டுல போட்டுக்கறோமே," என்றாள் மனைவி, அவசரமாக.

"நீ சும்மா இரு. தலையைத் தூக்கு."

அவள் அண்ணாந்தாள். சலூன்காரர் இடக்கையால் அவள் நெற்றியைப் பிடித்து, மூச்சை அடக்கி, புட்டியை அழுத்தினார்.

"விழுந்துச்சா?"

"சரியா விழுந்துச்சுங்க," என்றாள், தினமும் சொல்வதுபோலவே.

"பாத்தீங்களா டாக்டர்?" சலூன்காரர் நிமிர்ந்து நின்றார்.

டாக்டர் பஞ்சை எடுத்து, அவள் கன்னத்தில் வழிந்த மருந்தைத் துடைத்தார். சொல்லிவிடாதீர்கள் என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"அம்மா எழுந்துக்கட்டும்," என்றார் டாக்டர். "ஐயா, இந்த நாற்காலியில இப்ப நீங்க உக்காருங்க."