பருந்துக்குப் பொன்னாடை

கத்திரி வெயிலில் மயங்கி விழுந்த பருந்தைத் தன்னார்வலர்கள் தங்கள் காப்பகத்துக்குத் தூக்கிவந்து, தண்ணீர் கொடுத்துத் தேற்றினார்கள். மூன்றே நாளில் அதற்குத் தெம்பு வந்துவிட்டது.

"ஏன்ப்பா, நான்தான் நல்லா ஆயிட்டேனே. இன்னும் ஏன் விட மாட்டேங்கிறாங்க?" என்று பக்கத்துக் கூண்டு அணிலிடம் கேட்டது.

"விழா வச்சுத்தாண்ணே விடுவாங்க. சிறப்பு விருந்தினர் தேதி கொடுக்கணும்ல?"

பத்து மணி விழாவுக்கு விருந்தினர் வந்து இறங்கியபோது உச்சிவெயில் மண்டையைப் பிளந்தது. அவருக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு, மைதானத்தில் வைத்திருந்த பருந்தின் கூண்டுக்கும் ஒன்றைப் போர்த்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்கள். ஐந்து பேர் பேசி முடித்துப் பொன்னாடையை விலக்கினால், பருந்து மயங்கிக் கிடந்தது.

கண் விழித்தபோது அதே பழைய இடம். பக்கத்தில் அதே அணில்.

"வாங்கண்ணே," என்றது அணில். "உங்களுக்கு ஒண்ணுதானே ஆச்சு! நான் இதுவரைக்கும் மூணு பொன்னாடை வாங்கியிருக்கேன்."