சிட்டம்மா சம்பந்தி

மகள் கல்யாணப் பந்தியில் செல்லக்கிளி தன் சம்பந்தியம்மாளைக் கேலி செய்து பாடினாள். "பந்தியில தின்னது பத்து வடை, முந்தியில முடிஞ்சது பதினாறு, எங்க சிட்டம்மா சம்பந்தி!" பெயர் சொல்லிக் கேலி பாடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சிட்டம்மாளும் சிரித்துக்கொண்டேதான் சாப்பிட்டாள். அதோடு விட்டிருக்கலாம். நாட்டுப்புறப் பாட்டுப் பதிய கேசட் கம்பெனி கூப்பிட்டதும், இவள் ஸ்டுடியோவில் போய் அதே பாட்டை அதே பெயரோடு பாடிவிட்டு வந்தாள். "பேர மாத்துனா பாட்டு நிக்காதுக்கா" என்று என்னிடம் பெருமை வேறு.

வேறெந்த ஊரிலும் கேசட் விலைபோகவில்லை. சிட்டம்மாளின் ஊரில் மட்டும் டீக்கடை, சலூன், மினிபஸ் எங்கும் அவள் தினமும் வடை முடிந்துகொண்டிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

செல்லக்கிளி என்ன செய்தாள் தெரியுமா? முக்காடு போட்டுக்கொண்டு பஸ் ஏறி, அந்த ஊர்க் கடையில் இருந்த கேசட்டையெல்லாம் வாங்கிவந்து என் வீட்டுப் பரணில் ஒளித்துவைத்தாள். இவள் வாங்க வாங்கக் கடைக்காரன் புதிதாக இறக்கினான். மூன்று தடவை போய்வந்தாள்.

நேற்று எங்கள் வீட்டு போனில் கம்பெனிக்காரர் அவளைக் கேட்டார். ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டு நானும் காதை ஒட்டிவைத்துக்கொண்டேன்.

"அந்த ஊர்ல பிச்சுக்கிட்டுப் போகுதும்மா! அந்தச் சம்பந்திய வச்சே ரெண்டாவது கேசட் போட்டுருவோம்."

செல்லக்கிளி ரெக்கார்டிங் எப்போது என்று கேட்டுக்கொண்டு போனை வைத்தாள்.

"ஏக்கா, ஒம்பதாம் மாசத்துலகூடப் பிள்ளைய அழைச்சிட்டு வரலாம்ல?" என்றாள்.