பேசக் கூடாத இருபது பேர்

“இந்த எண்கள் பொய்” என்றார் உளவியல் பேராசிரியர்.

எதிரே நர்ஸம்மா நின்றிருந்தார்.

மனித உறவுக்கும் உடல்நலத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதில் பேர்பெற்றவர் பேராசிரியர். தனியே வாழும் முதியோர் நாற்பது பேரை இரண்டு பிரிவாக்கியிருந்தார். முதல் இருபது பேரோடு மாணவர்கள் வாரந்தோறும் தொலைபேசியில் பேசுவார்கள். மற்ற இருபது பேரோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது; நர்ஸம்மா மாதம் ஒருமுறை போய் ரத்த அழுத்தத்தை மட்டும் குறித்து வர வேண்டும்.

ஈராண்டுக்குப் பின் முதல் பிரிவுக்கு அழுத்தம் இறங்கியிருந்தது. வம்பு என்னவென்றால், இரண்டாம் பிரிவுக்கும் இறங்கியிருந்தது.

“வீட்டுல உக்காந்தே எழுதிட்டீங்க. அப்படித்தானே?”

“இல்ல சார். எல்லார் வீட்டுக்கும் போனேன்.”

“போயிருந்தா, யாரும் பேசாதவங்களுக்கு எப்படி இறங்கும்? ரெண்டு வருஷ உழைப்பு இது, சட்டியில போட்ட உப்பு இல்ல, அளவு தப்பினா தண்ணி ஊத்திக்கலாம்னு சொல்ல. பொய்னு தெரிஞ்சா இன்னையோட உங்க வேலை போச்சு. கிளம்புங்க, நானே பாக்கறேன்.”

இரண்டாம் பிரிவின் பட்டியலில் கண்ணை மூடி விரல் வைத்தார். வேலையை விட்ட தையல்காரர் ஒருவரின் முகவரி அகப்பட்டது.

கதவு முழுதாகத் திறக்கும் முன்பே குரல் வந்தது.

“வாம்மா மகராசி. போன மாசம் இருமிட்டே போனியே, தேவலையா?” பிறகுதான் பேராசிரியரைக் கண்டார். “இவரு யாரு? சட்டையை இறுக்கித் தச்சுட்ட மாதிரி நிக்கிறாரு.”

“பெரிய ஆபீசர், பெரியப்பா. கால் வீக்கம் எப்படி இருக்கு?”

கால் வீக்கத்தில் தொடங்கிய பேச்சு, கோபித்துக்கொண்டு போன மகனைத் தொட்டு, மாடிவீட்டு நாயின் அட்டகாசத்தில் வந்து நின்றது. பேராசிரியர் மூன்று முறை கடிகாரம் பார்த்தார். தராசு பிடிக்கிறவனுக்கு எடை தெரியும். வாங்க வந்தவனின் பசி தெரியாது.

அரை மணி கழித்து, “இனி அஞ்சு நிமிஷம் வாயைத் திறக்காம இருங்க” என்று சொல்லிவிட்டு, தையல்காரர் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றினார் நர்ஸம்மா.

பேராசிரியர் குனிந்து பார்த்தார். தாளிலிருந்த எண்ணை ஒட்டியே நின்றது அளவு. பொய்யில்லை.

தெருவுக்கு வந்ததும் வெடித்தார்.

“இருபது வீட்லயும் இதே கதையா?”

“ஆமா சார்.”

“பேசக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். மொத்த ஆராய்ச்சியும் பாழ். யாரைக் கேட்டுப் பேசினீங்க?”

நர்ஸம்மா கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி அவரிடம் நீட்டினார்.

“நீங்க சொல்லித்தான் சார். வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கு, பேச ஆளில்லாத தனிமை மனுஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக் கொல்லும்னு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தீங்க. அது முடிஞ்சதும், இந்த இருபது பேரோட பேசக் கூடாதுன்னீங்க.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“நான் அந்தப் பாடத்தை நம்பிட்டேன் சார்.”